நீலகிரி மலையில் ஓடும் பைக்: வீட்டிலேயே செய்யக்கூடிய பராமரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரம். உதகை 2,240 மீட்டர். குன்னூர் வழியாக இந்த ஐம்பது சொச்சம் கிலோமீட்டரை ஏறி இறங்கும் வண்டிக்கு வரும் தேய்மானம், சமவெளியில் அதே தூரம் ஓடும் வண்டிக்கு வருவதில்லை. பிரேக், செயின், ஆயில், காற்று, குளிர் எல்லாமே இங்கே வேறு கணக்கு. உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்தில் 100 முதல் 200 சிசி வண்டி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. புல்லட், ஸ்கூட்டர் பற்றித் தேவையான இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

கம்பெனி கொடுத்த புத்தகத்தில் உள்ள கிலோமீட்டர் கணக்கை அப்படியே பின்பற்றலாமா?

ஆயில் அளவு, டயர் அழுத்தம், செயின் தொய்வு, பிளக் இடைவெளி ஆகியவற்றுக்குப் புத்தகம்தான் கடைசி வார்த்தை. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதை மட்டும் மலைக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே ஓடுவதால் ஒரு கிலோமீட்டருக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள் சமவெளியைவிட மிக அதிகம். மீட்டர் காட்டுவது சக்கரம் ஓடிய தூரத்தைத்தான், இன்ஜின் உழைத்த உழைப்பை அல்ல. சாதாரண மினரல் ஆயில் போட்டு தினமும் மலைப்பாதையில் ஓட்டுபவர்கள் 2,500 முதல் 3,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றிவிடுவது நல்லது. பிரேக்கை மாதம் ஒருமுறை கண்ணால் பாருங்கள். செயினைச் சாதாரண நாளில் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், நல்ல மழையில் நனைந்தால் அன்றே கவனியுங்கள்.

என்னென்ன சாமான் வேண்டும்?

8, 10, 12, 14, 17 அளவுகளில் ரிங் ஸ்பேனர். பின் ஆக்சில் நட்டுக்கு உங்கள் வண்டிக்கு உரிய அளவு தனியாக (19, 22, 24 என்று மாடலுக்கு மாடல் மாறும்). பிளக் ஸ்பேனர், பட்டை திருப்புளி, ஸ்டார் திருப்புளி, கட்டிங் பிளையர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், காற்றழுத்தம் பார்க்கும் டயர் கேஜ், மலிவான மல்டிமீட்டர் ஒன்று. இவற்றோடு 90 நம்பர் கியர் ஆயில், ஒரு டப்பா கிரீஸ், பழைய டூத் பிரஷ், பனியன் வேஸ்ட், அகலமான தட்டு, புனல். ஓபன் ஸ்பேனரை மட்டும் நம்பி இறங்காதீர்கள். மழையில் துருவேறிய நட்டில் அது நழுவி மூலைகளை வழித்துவிடும். அப்படி வட்டமாகிப்போன நட்டைக் கழற்றுவதற்கு ஆகும் செலவில் நல்ல ரிங் ஸ்பேனர் செட்டே வாங்கிவிடலாம்.

வீடு சரிவில் இருக்கிறது, வண்டி ரோட்டோரம்தான் நிற்கும். எங்கே வைத்து வேலை பார்ப்பது?

ஆயில் அளவு பார்ப்பது, செயின் தொய்வு அளப்பது, சக்கரம் கழற்றுவது இவை மூன்றும் சமதளத்தில்தான். பக்கத்துப் பள்ளிக்கூடத்து முன்வாசலோ, கோயில் முற்றமோ, பஸ் திரும்பும் இடமோ எதுவானாலும் சரி. சரிவில் சென்டர் ஸ்டாண்டு போட்ட வண்டி, சக்கரத்தை ஒரு இழு இழுத்தாலே முன்னால் சரிந்து ஸ்டாண்டிலிருந்து இறங்கிவிடும். சமதளத்திலும் முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள்.

நிறுத்தி வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. மூக்கு மேட்டைப் பார்க்க, முதல் கியரில், சைடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மூக்கு பள்ளத்தைப் பார்த்தால் சைடு ஸ்டாண்டு தானாக மடங்கிவிடும். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். சாய்ந்து நிற்கும்போது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அடைக்கும் மிதவை சரியாக அடைக்காமல் இரவெல்லாம் பெட்ரோல் கசிந்து, சில நேரம் இன்ஜினுக்குள்ளேயே இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப் ஸ்டிக்கில் அளவு கூடி, பெட்ரோல் வாசனையும் அடித்தால் அந்த ஆயிலில் வண்டியை ஓட்டவே கூடாது. வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.

டிரம் பிரேக் தேய்ந்துவிட்டதா என்று கழற்றாமலே எப்படித் தெரிந்துகொள்வது?

பிரேக் பிளேட்டில், பிரேக் ஆர்ம் மாட்டியிருக்கும் இடத்தில் ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடிக்கும்போது அந்த அம்பு, பிளேட்டில் உள்ள குறியைத் தொட்டால் ஷூ (டிரம்மின் உள்ளே உரசி வண்டியை நிறுத்தும் கட்டை) முடிந்தது. அதற்குப் பிறகும் நட்டை முறுக்கி முறுக்கி ஓட்டுவதுதான் இங்கே பலரும் செய்யும் ஆபத்தான காரியம். லைனிங் எனும் உரசும் பட்டை தீர்ந்த ஷூவில், அதை விரித்துத் தள்ளும் கேம் அளவுக்கு மீறித் திரும்பி, பிரேக் பிடித்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

லைனிங் இருக்கிறது, மிதிதான் இறங்கிவிட்டது என்றால் சரிசெய்வது எளிது. பிரேக் மிதியைக் கையால் அழுத்துங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்கும்வரை 20 முதல் 30 மில்லிமீட்டர் வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். அதிகமானால் பிரேக் ராடின் கடைசியில் உள்ள நட்டை வலப்பக்கம் அரைச் சுற்று, அரைச் சுற்றாக முறுக்குங்கள். நட்டின் குழிந்த பக்கம் ஆர்மில் உள்ள பின்னின் உருளையில் சரியாக உட்கார வேண்டும். ஒவ்வொரு முறையும் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். உரசும் சத்தம் வந்தால் அரைச் சுற்று தளர்த்துங்கள். முடித்ததும் பிரேக் லைட் சரியான நேரத்தில் எரிகிறதா என்று பாருங்கள். மூடுபனியில் பின்னால் வருபவருக்கு உங்களைக் காட்டுவது அந்த விளக்குதான்.

ஷூவை நானே மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் முதல்முறை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பிரேக் ராடின் நட்டு, பிளேட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் டார்க் ஆர்மின் போல்ட், ஆக்சில் நட்டு என்ற வரிசையில் கழற்றினால் சக்கரம் வெளியே வந்துவிடும். டிரம்முக்குள் இருக்கும் கருந்தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. கேமிலும் ஷூ திரும்பும் பின்னிலும் அரிசி அளவு கிரீஸ் போதும். கூடிப்போனால் சூட்டில் உருகி லைனிங்கில் ஏறும், பிரேக் வழுக்கும். பழைய ஷூவில் இன்னும் கனம் இருந்து மேல் பரப்பு மட்டும் கண்ணாடி போலப் பளபளத்தால், 100 நம்பர் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துத் திரும்பப் போடலாம்.

திரும்ப மாட்டும்போது டார்க் ஆர்ம் போல்டை மறக்கவே கூடாது. அது இல்லாமல் பிரேக் பிடித்தால் பிளேட் முழுவதும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும், ராட் வளையும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். நட்டு கழன்றுவிடாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைப் புதிதாக வாங்கி மாட்டுங்கள். வளைத்து நிமிர்த்திய பழைய பின் உடையும்.

டிஸ்க் பிரேக்கில் கவனிக்க வேண்டியவை எவை?

பேடின் கனம் முதலில். நடுவில் உள்ள கோடு போன்ற பள்ளம் மறையத் தொடங்கினாலோ, லைனிங் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே போனாலோ மாற்றிவிடுங்கள். பேட் தேயத் தேய, ஹேண்டில்பாரில் உள்ள டப்பாவில் பிரேக் ஆயில் அளவு தானாக இறங்கும். அதைப் பார்த்துப் பயந்து மேலே ஊற்றிவிட்டால், புதுப் பேட் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் வழிந்து டேங்க் பெயிண்ட்டை அரித்துவிடும். வழிந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். புதுப் பேட் மாட்டியதும், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே லிவரைப் பத்துப் பதினைந்து முறை பம்ப் செய்யுங்கள். இல்லாவிட்டால் முதல் பிடிக்கு லிவர் ஹேண்டில்பார் வரை வந்துவிடும், பிரேக்கே இருக்காது. இதை மறந்து சரிவில் வண்டியை உருட்டியவர்கள் உண்டு.

இரண்டாவது, பிரேக் ஆயில். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பிரேக் ஆயிலின் தர வகையை டாட் எண் காட்டும். புதிய டாட் 3 ஆயில் கொதிப்பதற்குக் குறைந்தது 205 டிகிரி வேண்டும், டாட் 4க்கு 230 டிகிரி. ஈரம் ஏறிவிட்டால் தரம் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச அளவு டாட் 3க்கு 140, டாட் 4க்கு 155 டிகிரி மட்டுமே. வருடத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கும் ஊரில் ஈரம் ஏறுவதற்குக் கேட்கவா வேண்டும்? நீண்ட இறக்கத்தில், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் சூடாகி உள்ளே ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ் உருவாகும். ஆயிலை அழுத்தினால் பிரேக் பிடிக்கும், ஆவியை அழுத்தினால் லிவர் பஞ்சு போல உள்ளே போகும். ஆகவே நிறம் நன்றாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூடியில் எந்த டாட் என்று எழுதியிருக்கிறதோ அதையே, சீல் பிரிக்காத பாட்டிலாக வாங்குங்கள். போன வருடம் பிரித்த பாதி பாட்டில் வேண்டாம்.

மாற்றும் முறை: காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளில் தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள். லிவரை மூன்று முறை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிப்பிளைக் கால் சுற்று திறந்து, ஆயில் வந்ததும் மூடி, அதன்பிறகுதான் லிவரை விடுங்கள். மூடுவதற்கு முன் லிவரை விட்டால் காற்று உள்ளே இழுக்கும். மேலே டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். தெளிந்த ஆயில் குமிழில்லாமல் வரும்வரை இதைத் தொடருங்கள். ஏ.பி.எஸ். வண்டியில் உள்ளே காற்று புகுந்துவிட்டால் ஒர்க் ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.

இறக்கத்தில் பிரேக் கருகிய வாசனை வருகிறது. என்ன செய்வது?

ஓரமாக, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திக் கால் மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் வளைந்துவிடும், டிரம் வெடிப்பு விடும். ஆறிய பிறகும் பிடி குறைவாகவே இருந்தால் லைனிங் கண்ணாடியாகியிருக்கும், பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த வாசனையே வரக்கூடாது. ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்குவதுதான் மலைப்பாதை வழக்கம். 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டி இறக்கத்தில் இரண்டாவது கியர்தான் வண்டியைக் காப்பாற்றும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது, கிளச்சைப் பிடித்துக்கொண்டே இறங்குவது இரண்டும் மொத்த பாரத்தையும் பிரேக் மேல் ஏற்றுகின்றன. தொடர்ந்து லேசாக அழுத்திக்கொண்டே வருவதைவிட, வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து முழுதாக விடுவது நல்லது. விடும் இடைவெளியில்தான் பிரேக் ஆறும்.

ஸ்கூட்டருக்கு இன்ஜின் பிரேக்கே இல்லையே?

கொஞ்சம் உண்டு. ஆக்சிலேட்டரை முழுதாக விட்டு வேகம் நன்றாகக் குறைந்துவிட்டால் உள்ளே கிளச் பிரிந்து வண்டி சும்மா உருளும். ஒரு நூல் அளவு ஆக்சிலேட்டர் கொடுத்தால் கிளச் மீண்டும் பிடித்து இன்ஜின் வண்டியை இழுத்து நிறுத்தும். அப்படியும் ஸ்கூட்டரின் பிரேக் பைக்கைவிட வேகமாகத் தேயும், ஆகவே பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். ஸ்கூட்டருக்கு இன்ஜின் ஆயில் தவிர, பின் சக்கரத்துக்கு அருகில் தனியாகக் கியர் ஆயிலும் உண்டு. நூறு மில்லி சொச்சம்தான், பலரும் வருடக்கணக்கில் மறந்துவிடுவது அதைத்தான்.

செயினைச் சுத்தம் செய்வது எப்படி?

முதலில் ஒரு எச்சரிக்கை. இன்ஜினை ஸ்டார்ட் செய்து கியரில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றவிட்டபடி துணியால் துடைக்காதீர்கள். துணியோடு விரலையும் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) இழுத்துவிடும், விரல் போய்விடும். இன்ஜின் நிறுத்தி, நியூட்ரலில், கையால்தான் சுற்ற வேண்டும்.

டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து நான்கு பக்கமும் தேயுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல். பெட்ரோல் வேண்டாம், ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் உள்ள செயினில் அந்த ரப்பரைக் கெடுத்துவிடும். எஸ்டேட் சாலைச் செம்மண் கிரீஸோடு சேர்ந்தால் சாணைக்கல் மாதிரி, செயினையும் பல்லையும் தேய்த்துக்கொண்டே இருக்கும். துடைத்துக் காயவிட்டு, 90 நம்பர் கியர் ஆயிலை உட்பக்கமாக, கண்ணிகளின் இரு ஓரத்திலும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சக்கரத்தைச் சுற்றும்போது ஆயில் உள்ளிருந்து வெளியே பரவும். கால் மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். இந்த வேலையை இரவு செய்துவிட்டுக் காலையில் ஓட்டினால் தெறிப்பது குறையும். வடித்த பழைய இன்ஜின் ஆயிலைச் செயினுக்கு விடும் பழக்கத்தை விடுங்கள். அதில் உலோகத் தூளும் கரியும் இருக்கின்றன. ஸ்பிளெண்டர் போல முழு மூடி உள்ள வண்டியில் மூடியிலுள்ள ரப்பர் அடைப்பைக் கழற்றி அதன் வழியாக ஆயில் விடலாம். வருடத்தில் இரண்டு முறையாவது மூடியையே கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

செயின் தொய்வு எவ்வளவு இருக்கலாம்?

பெரும்பாலான வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஸ்டிக்கர் இருந்தால் அதில் உள்ள எண்தான் சரி. கீழ்ச் செயினின் நடுவில் ஸ்கேல் வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நான்கைந்து இடத்தில் அளந்து, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கணக்கில் எடுங்கள். ஒரு இடம் இறுகி இன்னொரு இடம் தொளதொளவென்று இருந்தால் செயின் சீராகத் தேயவில்லை, இனி எத்தனை முறை இறுக்கினாலும் பயனில்லை.

இறுக்க: ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்புங்கள். இருபுறக் குறிகளும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சக்கரம் கோணலாகி வண்டி ஒருபக்கம் இழுக்கும். ஆக்சிலை இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போது கொஞ்சம் மாறும். டிரம் வண்டியில் சக்கரம் பின்னால் போயிருப்பதால் பிரேக்கும் இறுகியிருக்கும், அதையும் சரிசெய்யுங்கள். அதிகமாக இறுக்குவது தொய்வைவிடக் கெடுதல். இருவர் ஏறி உட்கார்ந்து குழியில் இறங்கும்போது செயின் இன்னும் இறுகி, கியர்பாக்ஸ் பேரிங்கை இழுத்து நாசம் செய்யும்.

பின் ஸ்பிராக்கெட்டின் கடைசிப் பல்லில் செயினைப் பின்னால் இழுங்கள். பாதிப் பல்லுக்கு மேல் தெரிந்தால் செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் ஒரே செட்டாக மாற்றுங்கள். செயினின் இரு முனைகளை இணைக்கும் லிங்க் பூட்டின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

ஆயில் மாற்றும்போது எதில் தவறு வரும்?

பெரும்பாலும் டிரெயின் போல்டில். 100–125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 17 ஸ்பேனர் பிடிக்கும். போல்ட் இரும்பு, கேஸ் அலுமினியம். நீள ஸ்பேனரின் நுனியைப் பிடித்து முழு பலத்தில் முறுக்கினால் கேஸின் மரை உரிந்துவிடும். முதலில் கையாலேயே முழுக்க ஏற்றுங்கள், பிறகு ஸ்பேனரைத் தலைப்பக்கம் குட்டையாகப் பிடித்து இறுக்குங்கள். வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

ஐந்து நிமிடம் ஓட்டி, இன்ஜின் வெதுவெதுப்பானதும் வடியுங்கள். இந்தக் குளிரில் ஆறிய ஆயில் கஞ்சி போல இறங்கும், கசடு உள்ளேயே தங்கிவிடும். 100–125 சிசிக்கு ஒரு லிட்டர் பாட்டில் போதும். முதலில் 700 மில்லி ஊற்றிப் பிறகு டிப் ஸ்டிக் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். பல வண்டிகளில் டிப் ஸ்டிக்கை மரையில் முறுக்காமல் வைத்துத்தான் அளக்க வேண்டும், புத்தகத்தைப் பாருங்கள். புல்லட்டுக்கு ஒரு லிட்டர் போதாது.

எந்த ஆயில்? புத்தகத்தில் 10டபிள்யூ-30 என்றிருந்தால் அதுவே. முதல் எண் குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைக் காட்டுகிறது. தை மாதக் காலையில் அதன் அருமை தெரியும். கியர் பைக்குக்கு டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற தரக்குறி இருக்க வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் ஆயிலிலேயே ஓடும் கிளச் வழுக்கும், ஏற்றத்தில் இன்ஜின் கத்தும், வண்டி நகராது.

ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளையாக, மோர் போல ஒட்டியிருக்கிறது. இன்ஜின் போய்விட்டதா?

இல்லை. காற்றால் குளிரும் இன்ஜினில் இது பெரும்பாலும் பனி ஈரம்தான். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு என்று இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் இன்ஜின் முழுதாகச் சூடாவதே இல்லை. உள்ளே சேரும் நீராவி குளிர்ந்த மூடியில் படிந்து ஆயிலோடு கலந்து வெளுக்கிறது. வாரத்தில் ஒருநாள் அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள், ஆவியாகிப் போய்விடும். டிப் ஸ்டிக்கிலேயே, ஆயில் முழுவதும் பால் கலந்த மாதிரி இருந்தால் மட்டும் உடனே மாற்றுங்கள். ரேடியேட்டர் உள்ள வண்டியில் இப்படி இருந்தால் கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கலாம், ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

காலி பாட்டிலிலேயே ஊற்றி மூடி, ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் பீப்பாயில் சேர்த்து விற்கிறார்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள். உதகையில் ஊற்றியது கோடப்பமந்து கால்வாய் வழியாக ஏரிக்குப் போகும், குன்னூரில் ஊற்றியது ஆற்றோடு பவானிக்குப் போகும். கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள்.

சமவெளியில் நன்றாக ஓடிய பழைய வண்டி ஊட்டியில் திணறுகிறது. பிளக்கும் கரி பிடிக்கிறது. ஏன்?

உதகை உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்கு இது தெரியாது. பெட்ரோலை ஏறக்குறைய முன்பு போலவே விடுகிறது, காற்று போதவில்லை. எரியாத பெட்ரோல் கரியாகப் பிளக்கில் படிகிறது, மைலேஜ் இறங்குகிறது, புகை கறுக்கிறது. இழுவை கொஞ்சம் குறைவது இயற்கை, அதை எந்த மெக்கானிக்காலும் முழுதாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. கலவையை மட்டும் சரிசெய்யலாம்.

முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அடைத்த ஃபில்டரும் இதே குறியைத்தான் காட்டும். பிறகு இன்ஜின் நன்றாகச் சூடான நிலையில் கார்புரேட்டரில் உள்ள கலவை ஸ்குரூ. ஸ்குரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்குரூ, வெளியே திருப்பினால் பெட்ரோல் குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் ஸ்குரூ, உள்ளே திருப்பினால் குறையும். தொடங்கும் முன் மெதுவாக உள்ளே முட்டும்வரை திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைத்து, பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். பிறகு கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, ஐடிலிங் அதிகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் நிறுத்தி, ஐடிலிங் ஸ்குரூவால் நிமிடத்துக்கு 1,400 சுற்று என்ற அளவுக்கு இறக்குங்கள். பிளக் முனை செங்கல் பொடி அல்லது வெளிர் காபி நிறத்துக்கு வந்தால் சரி. வண்டியை மறுபடி கோவையிலேயே ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஸ்குரூவைப் பழைய எண்ணுக்குத் திருப்புங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் குறைந்து இன்ஜின் சூடாகும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலானவை ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். அவை காற்றழுத்தத்தை அளந்து தாமாகவே பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். அவற்றில் திருக எதுவும் இல்லை.

பிளக் எப்படிக் கழற்றி மாட்டுவது?

இன்ஜின் ஆறிய பிறகு, பிளக் குழியிலுள்ள மண்ணை ஊதி எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். இடைவெளி பல வண்டிகளுக்கு 0.8–0.9 மில்லிமீட்டர், பழைய வண்டிகளுக்கு 0.6–0.7. திரும்ப மாட்டும்போது கையாலேயே அடி வரை முறுக்குங்கள். ஸ்பேனரால் தொடங்கினால் மரை கோணலாக ஏறும். அடியில் உட்கார்ந்த பின் புதுப் பிளக்குக்கு அரைச் சுற்று, பழையதற்கு எட்டில் ஒரு சுற்று.

மார்கழி, தை காலையில் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை.

தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்வெளியெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் காலையில் இரண்டு சிக்கல் ஒன்றாக வருகின்றன. ஆயில் கெட்டியாகி இன்ஜின் சுற்ற அதிக பலம் கேட்கிறது, அதே நேரம் பேட்டரியின் பலம் குளிரில் குறைகிறது. கிக்கர் இருந்தால் சாவி போடாமல் நாலைந்து முறை மெதுவாக உதையுங்கள். பிறகு சோக் முழுதாக இழுத்து, ஆக்சிலேட்டர் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு நிமிடத்தில் பாதியும், சூடானதும் முழுதும் தள்ளிவிடுங்கள். சோக் போட்டபடியே ஏற்றம் ஏறினால் பிளக் கரிந்து பாதியில் நிற்கும். செல்ஃப் ஸ்டார்ட் பட்டனை ஐந்து வினாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்தாமல், அரை நிமிடம் விட்டு அழுத்துங்கள்.

இரவு முழுவதும் நின்ற வண்டியின் பேட்டரி மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12க்குக் கீழே என்றால் உடனே சார்ஜ் செய்ய வேண்டும். ஓடும் இன்ஜினில் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து அளந்தால் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் குறை பேட்டரியில் இல்லை, சார்ஜிங்கில் இருக்கிறது. 5 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அரை ஆம்பியர் சார்ஜர் போதும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் துடைத்துக் காயவிட்டு வேசலின் தடவுங்கள்.

மழைக்காலத்தில் பெட்ரோலில் தண்ணீர் கலக்குமா?

கலக்கும். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் உட்சுவர் வியர்க்கும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது கொஞ்சம் தண்ணீரைக் கரைத்துக்கொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். வண்டி இரண்டு வாரம் நிற்கப் போகிறதென்றால் டேங்கை நிரப்பி வையுங்கள். கார்புரேட்டர் வண்டி திடீரென்று விட்டு விட்டு ஓடினால் கார்புரேட்டரின் அடியிலுள்ள வடி ஸ்குரூவைத் தளர்த்திக் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் உருண்டையாக நிற்கும்.

மேலே ஒரு அழுத்தம், கீழே ஒரு அழுத்தம் என்று டயருக்குக் காற்று வைக்க வேண்டுமா?

வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் நிரப்பிய டயர் உதகையில் வெளிக்காற்றழுத்தம் குறைவதால் கேஜில் ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் 35 டிகிரி வெயிலிலிருந்து 12 டிகிரி குளிருக்கு வந்ததில் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி கிட்டத்தட்ட அதே அளவு குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். காலையில், ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது புத்தக அளவை வையுங்கள். பின்னால் ஆளோ காய்கறி மூட்டையோ ஏற்றினால் பின் டயருக்குக் கூடுதல் அளவு தனியாகக் கொடுத்திருப்பார்கள். மலையேறி வந்து சூடாக இருக்கும் டயரிலிருந்து காற்றைப் பிடுங்காதீர்கள். ஈரமான யூகலிப்டஸ் இலைமேல் டயர் கோடு இருந்தாலே வழுக்கும், கோடு தேய்ந்தது பிடிக்கவே பிடிக்காது. தேய்மானக் குறி வரும்வரை காத்திருக்காமல் மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

கிளச், ஆக்சிலேட்டர் கேபிள்கள்?

மழைத்தண்ணீர் உறைக்குள் இறங்கித் தங்கும், உள்கம்பி துருவேறி நார் நாராக அறும். உறைபனி இரவில் உள்ளே உறைந்து ஆக்சிலேட்டர் திரும்பாமலும் நிற்கலாம். மழைக்கு முன் ஒருமுறை கேபிளின் மேல்முனையைக் கழற்றி, பிளாஸ்டிக் தாளைக் கூம்பாகச் சுற்றி நூலால் கட்டி, மெல்லிய ஆயிலைக் கீழ்முனையில் சொட்டும்வரை விடுங்கள். கிளச் லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கட்டும். ஆட்டமே இல்லாவிட்டால் கிளச் பாதி பிடித்தபடி ஓடி, கோத்தகிரி ஏற்றத்திலேயே பிளேட் கருகிவிடும். ஒவ்வொரு காலையும் ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டால் சட்டென்று தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாத ஆக்சிலேட்டரோடு இறக்கத்தில் போகக்கூடாது.

எதை வீட்டில் செய்யக்கூடாது?

வால்வு இடைவெளி, முன் ஃபோர்க் ஆயில் சீல், சக்கரக் கம்பி இழுத்துக்கட்டுவது, ஸ்டியரிங் பேரிங், ஏ.பி.எஸ்., எச்சரிக்கை விளக்கு எரியும் இன்ஜெக்‌ஷன் சிக்கல் ஆகியவை. பிரேக்கில் கை வைத்த நாளில், வேலை முடிந்ததும் தெருவிலேயே சமதளத்தில் நடை வேகத்தில் பத்து முறை முன்னும் பின்னும் தனித்தனியாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, எல்லா நட்டையும் ஒருமுறை தொட்டுப் பார்த்த பிறகே இறக்கத்தில் வண்டியை விடுங்கள்.